காய்ந்த தண்ணீர் எங்கே போகிறது?

நீர்ச்சுழற்சி என்றதும் நம் எல்லோருக்கும் ஒரே படம்தான் மனதில் வரும். ஒரு மூலையில் கடல், மேலே சூரியன், கடலிலிருந்து கிளம்பும் அம்புக்குறிகள், ஒரு மேகம், எதிர்ப்பக்கம் மலை, மலையிலிருந்து இறங்கிக் கடலுக்கே திரும்பும் ஆறு. ஆறு வயதுக் குழந்தை இதை அழகாக வரைந்துவிடும். ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு என்று வரிசையாக ஒப்பிக்கவும் செய்யும். ஒப்பித்து முடித்ததும் அதே குழந்தையிடம், கொடியில் கிடக்கும் துணியைக் காட்டி, "காலையில இது ஈரமா இருந்துச்சே, அந்தத் தண்ணி இப்ப எங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

அக்கா பிள்ளைகளிடமும் அவர்களோடு விளையாட வரும் குழந்தைகளிடமும் நான் இதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். "துணிக்குள்ள போயிடுச்சு." "கீழ சொட்டிடுச்சு." "சூரியன் குடிச்சிடுச்சு." "தீந்துபோச்சு சித்தி, அவ்வளவுதான்." இப்படித்தான் பதில் வரும். சற்று முன்புதான் கடலிலிருந்து மேகத்துக்கு அம்புக்குறி போட்ட குழந்தையும் இதையேதான் சொல்லும். படத்தில் இருக்கும் தண்ணீர் வேறு, துணியில் இருந்த தண்ணீர் வேறு என்றுதான் அதன் மனதில் பதிந்திருக்கிறது. "காத்துல இருக்கு" என்று எந்தச் சின்னக் குழந்தையும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

என்னைக் கேட்டால், சிறு குழந்தைகளுக்கு நீர்ச்சுழற்சியில் சொல்லித்தர வேண்டியது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்: தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் இருக்க முடியும். மழை பெய்வதையும் ஆறு ஓடுவதையும் குழந்தைகள் கண்ணால் பார்க்கிறார்கள், அங்கே நம்பவைக்க எதுவுமில்லை. கண்ணில் படாத இந்த ஒரு கட்டத்தில்தான் நம் உழைப்பு முழுவதும் போக வேண்டும். நாமோ அதை ஓர் அம்புக்குறியால் தாண்டிவிட்டு, மேகத்துக்குக் கண்ணும் வாயும் வரைவதில் நேரத்தைச் செலவழிக்கிறோம்.

குழந்தைகளின் பதில்களைத் தவறு என்று உடனே திருத்த வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1920-களில் சின்னப் பிள்ளைகளிடம் மேகம் எப்படி உண்டாகிறது என்று கேட்டிருக்கிறார். புகைபோக்கிகளிலிருந்து வரும் புகைதான் மேகம் என்று சொன்ன குழந்தைகள் நிறைய. பார்த்ததை வைத்து யோசித்தால் அது நியாயமான பதில்தான். அவருடைய இன்னொரு சோதனை நமக்கு அதைவிடப் பயன்படும். குட்டையான அகலமான குவளையில் இருக்கும் தண்ணீரைக் குழந்தையின் கண்முன்னே உயரமான ஒல்லிக் குவளையில் ஊற்றினால், ஏழு வயதுக்குக் குறைந்த பல குழந்தைகள் இப்போது தண்ணீர் அதிகமாகிவிட்டது என்பார்கள். குவளை மாறினாலே அளவு மாறிவிட்டது என்று நினைக்கும் வயது அது. அந்த வயதில், தரையில் தேங்கிய தண்ணீர் கொஞ்சம்கூடக் குறையாமல் காற்றுக்குள் போய்விட்டது, திரும்பியும் வரும் என்றால் எப்படி நம்புவார்கள்? அதனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு முழுச் சுழற்சியும் சொல்லித்தரப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தேங்கிய தண்ணீரையும் குளிர்ந்த குவளையையும் காட்டினால் அந்த வயதுக்குப் போதும்.

தேங்கிய தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். மழை விட்டதும் தரையில் எங்காவது கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதைச் சுற்றி ஓரத்தை ஒட்டிச் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருக்கும். இன்னொரு கோடு. சாயங்காலத்துக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கோடுகள் வந்துவிடும். "மண்ணு குடிச்சிருக்கும்" என்று குழந்தை சொன்னால், சரி, மண்ணே இல்லாத இடத்தில் பார்ப்போம் என்று இரண்டு தட்டுகளில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றை மட்டும் இறுக்கமாக மூடி வைக்கலாம். திறந்திருக்கும் தட்டு காய்ந்துவிடும். மூடிய தட்டில் தண்ணீர் அப்படியே இருக்கும், மூடியின் உட்பக்கம் சின்னச் சின்னத் துளிகள் ஒட்டியிருக்கும். அந்தத் துளிகளைக் குழந்தை தானாகக் கவனிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை. கொஞ்சம் காத்திருந்தாலும் பரவாயில்லை.

இங்கே சூரியன் பற்றி ஒரு வார்த்தை. "சூரியன் தண்ணீரை உறிஞ்சுகிறது" என்று பெரியவர்களே சொல்லிப் பழக்கிவிடுகிறோம். சூரியன் எதையும் உறிஞ்சுவதில்லை, வெப்பம் தருகிறது. நிழலிலும் துணி காய்கிறது, ராத்திரியிலும் காய்கிறது, காற்றடித்தால் இன்னும் வேகமாகக் காய்கிறது. ஈரக்கையால் சுவரில் இரண்டு அச்சுகள் பதித்து, ஒன்றுக்கு மட்டும் விசிறிவிட்டால் எது முதலில் மறைகிறது என்று நான்கு வயதுக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். ஆவியாகத் தண்ணீர் கொதிக்க வேண்டும் என்ற எண்ணமும் இதில் தானாக உதிர்ந்துவிடும். கொதிக்கும் தண்ணீரைக் காட்டிப் பாடத்தைத் தொடங்குவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணமே இதுதான். கடல் கொதிக்காமலே ஆவியாகிறது என்பது பிறகு குழந்தைக்குப் புரியாத புதிராகிவிடும்.

ஏன் கொதிக்காமலே போகிறது என்று ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் கேட்பார்கள். தண்ணீர் என்பது கண்ணுக்கே தெரியாத கோடானு கோடித் துணுக்குகள், எல்லாம் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன என்று சொல்வேன். விளையாட்டு நேரத்தில் ஒரு மைதானம் முழுக்கப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், வாசல் திறந்தே கிடக்கிறது. ஓரத்தில் இருப்பவர்களில் வேகமாக ஓடுகிறவர்கள் சட்டென்று வெளியே போய்விடுவார்கள், மெதுவாக ஓடுகிறவர்கள் உள்ளேயே நிற்பார்கள். தண்ணீரின் மேற்பரப்பில் நடப்பது இதுதான். வேகமானவை போய்விட்டதால் மிச்சம் இருப்பவை மெதுவானவை. மெதுவாக அசைவது என்றால் குளிர்ச்சி. ஈரக்கையின் மேல் ஊதச் சொல்லுங்கள், சில்லென்று இருக்கும். வியர்வை நம்மைக் குளிர்விப்பதும் இதே கணக்குதான். இந்த இடத்தில் அக்கா பையன் நாள் முழுக்கக் கையை நனைத்து நனைத்து ஊதிக்கொண்டே திரிந்தான்.

சரி, தண்ணீர் போய்விட்டது. காற்றில்தான் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? இதற்குத்தான் குளிர்ந்த குவளை.

ஒரு கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த தண்ணீரும் பனிக்கட்டியும் போட்டு வைத்தால் சற்று நேரத்தில் வெளிப்பக்கம் முத்து முத்தாகத் துளிகள் வரும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "உள்ள இருந்து கசிஞ்சு வருது" என்பார்கள். பெரியவர்களில் சிலரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் தண்ணீரில் நல்ல சிவப்பு நிறத்தைக் கலந்துவிடுங்கள். இப்போது வெளியே வரும் துளிகளை வெள்ளைக் காகிதத்தால் துடைத்தால் காகிதத்தில் சிவப்பே இருக்காது. உள்ளிருந்து வரவில்லை. குவளையைச் சுற்றி இருப்பதோ காற்று மட்டும்தான். குழந்தை காற்றைத் திரும்பிப் பார்க்கும். உண்மையிலேயே தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கும். அப்போது நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

இன்னும் சந்தேகப்படும் பிள்ளைக்கு எடை போட்டுக் காட்டலாம். குளிர்பெட்டியில் இருந்த, மூடி திருகிய தண்ணீர் பாட்டிலை எடுத்ததும் நன்றாகத் துடைத்து, உடனே சின்னத் தராசில் வையுங்கள். வெளியே துளிகள் திரளத் திரள எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். மூடிய பாட்டில் எப்படி எடை கூடும்? வெளியிலிருந்து ஏதோ வந்து ஒட்டியிருக்கிறது. காற்று ரொம்ப வறண்டிருக்கும் நாளில் இது சரியாக வராது. அன்றைக்கு எடுத்த முயற்சியும் வீணில்லை, காற்றில் தண்ணீர் சில நாள் அதிகம், சில நாள் குறைவு என்பதை அதை வைத்தே சொல்லலாம்.

இது மனதில் நின்றுவிட்டால் மேகம் சுலபம். மேகம் பஞ்சும் இல்லை, புகையும் இல்லை. நீராவியும் இல்லை என்பதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் நீராவியைப் பார்க்கவே முடியாது. கெண்டியின் மூக்கில் பொங்கும் வெள்ளை, ஏற்கெனவே குளிர்ந்து துளிகளாகிவிட்ட தண்ணீர். மூக்குக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவே ஒன்றுமே இல்லாததுபோல் ஓர் இடைவெளி தெரியும், நீராவி இருப்பது அங்கேதான். (இதைத் தள்ளி நின்று பார்க்கத்தான் வேண்டும், அந்த இடைவெளி கையைச் சுட்டுவிடும்.) குவளையின் வெளிப்பக்கம் நடந்ததுதான் வானத்திலும் நடக்கிறது. அங்கே குவளை கிடையாது, அதனால் காற்றில் மிதக்கும் தூசி, கடல் உப்பு, புகைத் துகள் இவற்றின் மேல் தண்ணீர் ஒட்டிக்கொள்கிறது. ஒரு ஜாடியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, மூடியைக் கவிழ்த்து அதில் பனிக்கட்டி வைத்தால் உள்ளே மங்கலாக ஏதோ தெரியும். அணைத்த தீக்குச்சியின் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டு மறுபடி மூடினால் மேகம் திடீரென்று திரண்டு நிற்கும். தீக்குச்சி பெரியவர் கையில் இருக்கட்டும், மூடியைத் திறந்து மேகத்தை வெளியே விடும் வேலையைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகள் இந்த இடத்தில் கேட்கும் ஒரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். "மேல போனா சூரியன் பக்கத்துல வந்துடும்ல? அப்ப சூடாத்தானே இருக்கணும்? எப்படிக் குளிரும்?" என்று அக்கா மகள் கேட்டாள். நல்ல கேள்வி, நேர்மையான பதில் சொல்ல வேண்டும். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாம் 5 கிலோமீட்டர் ஏறினால் அது நெருங்கியதாகக் கணக்கே இல்லை. சூரிய ஒளி காற்றைவிடத் தரையைத்தான் அதிகம் சூடாக்குகிறது, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அதனிடமிருந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது. சூடான காற்று மேலே ஏறும். மேலே அதை அழுத்தக் காற்று குறைவு, அதனால் விரிகிறது. விரியும்போது குளிர்கிறது. மேகம் திரளாதவரை ஒரு கிலோமீட்டர் ஏறினால் கிட்டத்தட்ட 10 டிகிரி செல்சியஸ் குறையும். ஏழு வயதுக்கு இதில் பாதி போதும்: தரைக்குப் பக்கத்தில் சூடு, மேலே குளிர், உயரமான மலை உச்சியில் பனி இருப்பது அதனால்தான்.

மேகத்தின் எடையைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் வாய் பிளக்கும். ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள சாதாரண வெள்ளை மேகத்தில், ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் தண்ணீர் என்று வைத்தால், மொத்தம் 500 டன். அதாவது 5 லட்சம் கிலோ. அது ஏன் விழவில்லை? விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு மேகத்துளியின் குறுக்களவு சுமார் 0.02 மில்லிமீட்டர். அவ்வளவு சின்னத் துளி ஒரு நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் இறங்கும், கீழிருந்து ஏறும் காற்று அதற்குள் அதை மேலே தூக்கிவிடும். விழ வேண்டுமென்றால் பெரிதாக வேண்டும். 2 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு மழைத்துளி உருவாக சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். மேகமும் மேகமும் மோதினால் மழை வரும் என்று பிள்ளைகள் எங்கோ கேட்டு வைத்திருப்பார்கள். மோதிச் சேர்வது ஒரே மேகத்துக்குள் இருக்கும் துளிகள். குளிர்ந்த மேகங்களில் முதலில் பனித்துகள்கள் வளர்ந்து, கீழே வரும் வழியில் உருகி மழையாகின்றன.

மழை தரைக்கு வந்த பிறகு பெரும்பாலான படங்கள் அவசரப்பட்டுவிடுகின்றன. மலை, ஆறு, கடல், முடிந்தது. மண்ணுக்குள் போகும் தண்ணீருக்கு ஓரமாக ஒரு சின்ன அம்பு, அவ்வளவுதான். ஒரு கண்ணாடி ஜாடியில் பாதிக்கு மேல் மணலை நிரப்பி, மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் கீழே இறங்கி மணல் துகள்களின் இடையே நிற்பது கண்ணாடி வழியாகத் தெரியும். நடுவில் விரலால் ஒரு குழி தோண்டினால் குழியில் தண்ணீர் ஊறும். கிணறு புரிந்துவிட்டது. பூமிக்கு அடியில் பெரிய குகை ஏரி இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, நிலத்தடி நீர் பெரும்பாலும் மண்ணிலும் பாறையிலும் உள்ள சின்னச் சின்ன இடுக்குகளில் இருக்கிறது என்பது இங்கே தெளிவாகும்.

மனிதர்களே இதைப் புரிந்துகொள்ள நிறைய காலம் எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பெரிய பிள்ளைகளிடம் சொல்வேன். அவர்களுக்கு அது தைரியம் தருகிறது. இத்தனை ஆறுகள் ஓட மழை மட்டும் போதாது, கடல் தண்ணீர் பூமிக்கு அடியில் உள்ள வழிகளால் மலைக்கு ஏறி ஊற்றாக வருகிறது என்று ஐரோப்பிய அறிஞர்கள் பலர் நெடுங்காலம் நம்பினார்கள். பிரான்ஸில் பியர் பெரோ அளந்தே பார்த்தார். 1674-ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, சேன் ஆற்றின் மேற்பகுதிக்குத் தண்ணீர் தரும் நிலத்தில் பெய்யும் மழை, அங்கே ஆற்றில் ஓடும் தண்ணீரைப் போல ஆறு மடங்கு. மழை தாராளமாகப் போதும். 1687-ல் எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலி, ஒரு பாத்திரத்தில் உப்புத் தண்ணீரை வைத்து, கோடைக் காற்றின் அளவுக்குச் சூடாக்கி, தராசில் எடை குறைவதைக் கவனித்தார். அதை வைத்து மத்தியதரைக் கடலிலிருந்து ஒரு நாளில் ஆவியாகும் நீரைக் கணக்கிட்டார். ஆறுகள் கொண்டுவந்து சேர்ப்பதைவிட அது மிக அதிகம். கையில் தட்டும் தராசும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் செய்வதும் அதே வேலைதான்.

ஹாலியின் உப்புத் தண்ணீரை நாமும் செய்யலாம். உப்புக் கரைத்த தண்ணீரைக் கறுப்புத் தட்டில் ஊற்றிக் காயவிட்டால் கடைசியில் வெள்ளையாக உப்பு மட்டும் நிற்கும். கடலிலிருந்து வந்தும் மழை ஏன் உப்புக் கரிப்பதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மரத்தையும் மறந்துவிடக் கூடாது. வெயில் படும் ஒரு கிளையின் இலைகளை நெகிழிப் பையால் மூடி, வாயை நூலால் கட்டினால் சில மணி நேரத்தில் பைக்குள் தண்ணீர் சேரும். காற்றில் இருக்கும் ஈரத்தில் சுமார் 10 சதவீதம் இப்படி இலைகள் வழியாகப் போனது.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்த வட்டம். அந்தப் படத்தில் எனக்குக் குறைகள் உண்டு. கடலிலிருந்து கிளம்பும் துளி மலைக்குப் போய், ஆற்றில் இறங்கி, கடலுக்கு வந்து, மறுபடி கிளம்பும் என்று அது ஒரு சுற்றுப்பாதை போடுகிறது. உண்மையில் கடலிலிருந்து ஆவியாவதில் சுமார் 90 சதவீதம் கடலிலேயே மழையாக விழுந்துவிடுகிறது, நிலத்துக்கு வருவது மிச்சம் மட்டும்தான். நேரமும் அதில் இல்லை. காற்றுக்குப் போன தண்ணீர் சராசரியாக ஒன்பது நாளில் கீழே வந்துவிடும். கடலில் இருப்பது சராசரியாக 3,000 ஆண்டுகள் அளவுக்கு அங்கேயே கிடக்கும். ஆழத்து நிலத்தடி நீரும் துருவப் பனியும் பல்லாயிரம் ஆண்டுகள்கூட இருக்கும். காற்றில் ஒரு நேரத்தில் இருக்கும் தண்ணீர் மொத்தத்தையும் கீழே இறக்கினால் பூமி முழுக்க 2.5 சென்டிமீட்டர்தான் நிற்கும். ஆனால் உலகச் சராசரி மழை ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அப்படியானால் காற்று வருடத்தில் நாற்பது முறை காலியாகி நாற்பது முறை நிரம்ப வேண்டும். பத்து வயதுப் பிள்ளை இந்த வகுத்தலைத் தானே போட்டுப் பார்க்கட்டும், அந்த ஒன்பது நாள் தானாக வரும்.

சின்னவர்களுக்கு இதைப் பகடை விளையாட்டாக்கலாம். அறையின் ஒவ்வொரு பக்கத்தையும் கடல், மேகம், ஆறு, மண், மரம், பனி என்று பிரித்துக்கொண்டு பிள்ளைகளை நிறுத்த வேண்டும். எல்லோரும் தண்ணீர். தங்கள் இடத்துக்கான பகடையை உருட்டி, விழுவதைப் பொறுத்து நகர வேண்டும். கடலில் இருப்பவர்களுக்கு ஒன்று விழுந்தால் மட்டும் மேகத்துக்குப் போகலாம், மற்ற எண்களுக்கு அங்கேயே. மேகத்துக்கு எந்த எண் விழுந்தாலும் கிளம்பியாக வேண்டும், அதில் நிறைய எண்கள் கடலுக்கே. கொஞ்ச நேரத்தில் சண்டை தொடங்கும். "நான் இன்னும் கடல்லயே நிக்கிறேன், இவன் மட்டும் மூணாவது தடவ மேல போறான்!" என்று கத்துவார்கள். பனியில் மாட்டிக்கொண்டவன் உட்கார்ந்தே விடுவான். எல்லோரும் ஒரே வரிசையில் சுற்றுவதில்லை என்பதை இதைவிட நன்றாக எந்தப் படமும் சொல்லி நான் பார்த்ததில்லை.

பல படங்களில் மனிதர்களே இல்லை என்பதும் எனக்கு உறுத்தல்தான். 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, பல நாடுகளின் 450-க்கும் மேற்பட்ட நீர்ச்சுழற்சிப் படங்களை எடுத்துப் பார்த்தது. மனிதர்கள் தண்ணீரை எடுப்பதையும் மாற்றுவதையும் காட்டியவை சுமார் 15 சதவீதம்தான். அணை, ஆழ்துளைக் கிணறு, வயல், சாக்கடை எல்லாம் தண்ணீர் போகும் பாதைகள்தானே? குழந்தையின் படத்தில் ஒரு குழாயையும் அதற்குக் கீழே ஒரு வடிகாலையும் சேர்க்கச் சொல்லுங்கள். அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து தேடலாம்.

"நாம குடிக்கிறது டைனோசர் குடிச்ச தண்ணியா?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். பெரும்பாலும் ஆமாம். பூமியின் தண்ணீர் மிகப் பழையது. ஆனால் செடிகள் உணவு தயாரிக்கும்போது கொஞ்சம் தண்ணீரைப் பிரித்துவிடுகின்றன, நாம் மூச்சுவிடும்போது நம் உடல் கொஞ்சம் தண்ணீரைப் புதிதாக உண்டாக்குகிறது. இதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன். குழந்தைகளால் இந்த "ஆனால்" முழுவதையும் தாங்க முடியும்.

அடுத்த மழைக்கு முன்னால் செய்து வைக்க ஒரு வேலை உண்டு. அடிமுதல் நுனிவரை ஒரே அகலமுள்ள ஜாடியின் வெளிப்பக்கம் அளவுகோலை ஒட்டித் திறந்தவெளியில் வையுங்கள். தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் வரையுங்கள். ஜாடியில் ஒரு மில்லிமீட்டர் ஏறினால், அந்தச் சதுரத்தின் மேல் ஒரு லிட்டர் விழுந்திருக்கிறது என்று கணக்கு. பத்து மில்லிமீட்டர் மழை என்றால் பத்து லிட்டர், ஒரு வாளி. மழை நின்றதும் ஜாடியைக் கொட்டிவிடாதீர்கள். அப்படியே விட்டுவைத்து, அடுத்தடுத்த நாட்களில் அதே அளவுகோலில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று குழந்தையையே எழுதச் சொல்லுங்கள்.